அடைக்கலமேரிக்கு என்ன பாட்டு பிடிக்கும்?

ராயபுரத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் பெட்டிக்குச் சொல்வார்கள், அடுத்தது பேண்டு செட்டுக்கு. பேண்டு மாஸ்டர் அருள்பிரகாசம் வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, துக்கம் விசாரித்துவிட்டு, வீட்டு ஆட்களை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். போனவருக்கு என்ன பாட்டு பிடிக்கும்? கோயிலுக்குப் போகிற வரைக்கும் மாதா பாட்டு, அதில் யாரும் கைவைக்க முடியாது. பூசை முடிந்து பெட்டி வெளியே வந்து காசிமேட்டுக் கல்லறைப் பக்கம் திரும்பிவிட்டால் சினிமா பாட்டு. ஆயுசு பூராவும் ஒரு மனிதன் எதை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தானோ அதையே ஊதிக் கொண்டுபோய் விட்டுவருவது இந்தப் பக்கத்து வழக்கம். ஃபாதர்கள் வருவார்கள், முகம் சுளிப்பார்கள், வேறு பங்குக் கோயிலுக்கு மாறிப் போவார்கள். வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் ஹென்றி போனபோது அந்தக் கேள்விக்கு அவர் மகன் வில்சன் மூச்சு விடாமல் பதில் சொன்னான். ஹென்றி ஹார்பரில் சரக்கு எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டென்றால் அவருக்கு உயிர். வில்சன் அடுக்கிக்கொண்டே போக, கல்லறை அவ்வளவு தூரத்தில் இல்லையே தம்பி என்று அருள்பிரகாசம் நிறுத்த வேண்டியதாயிற்று. ட்ரம்பெட்காரர் முதல் பாட்டை எடுத்ததும் ஹென்றியின் மனைவி அடைக்கலமேரி ஓவென்று அழுதாள். கூட இருந்த மனுஷன் பெட்டிக்குள் படுத்துப் போகிறான், அழாமல் என்ன செய்வாள்? வில்சன் அதைப் பார்த்துவிட்டு, அம்மா பாட்டுக்காக அழுகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டான். வினை அங்கேதான் பிடித்தது.

அன்றையிலிருந்து தினம் சாயந்தரம் அந்த வீட்டில் ஒரு கூத்து. வில்சனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்த கையோடு டிவியில் அப்பாவின் பாட்டுகளைப் போட்டு, அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சத்தத்தையும் ஏற்றி வைப்பான். அவன் மனைவி மெர்லின் தன் சீரியலை விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மாமா இல்லாத குறை அத்தைக்குத் தெரியக் கூடாது என்பது அவள் எண்ணம். நல்ல பெண், குற்றம் சொல்ல முடியாது. வீடே சேர்ந்துகொண்டு, அடைக்கலமேரிக்குப் பிடிக்காத ஒன்றை அவளுக்காக விழுந்து விழுந்து செய்துகொண்டிருந்தது.

ஆமாம், பிடிக்காது. அவளுக்குப் பழைய பாட்டு என்றைக்குமே பிடித்ததில்லை. ஹென்றி உயிரோடு இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் குக்கர் வைக்கக் கூடாது. விசில் வந்தால் பாட்டு கெட்டுப்போகுமாம். பூசைக்குப் போய் வந்து, கறியை வாங்கி வைத்துக்கொண்டு, நிகழ்ச்சி எப்போது முடியும், எப்போது அடுப்பை மூட்டலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பழைய படங்களையும் அவளால் பொறுக்க முடியாது. இருமி இருமிச் சாகப் போகிற கதாநாயகி சாவதற்கு முன்னால் முழுசாக ஒரு பாட்டு பாடுவாள். அந்த மூச்சை வைத்துக்கொண்டு இன்னும் நாலு நாள் பிழைத்திருக்கலாமே என்று அடைக்கலமேரிக்குத் தோன்றும். ஹென்றி கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல முடியுமா? ஹென்றி கெட்டவரில்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. உனக்கு எது பிடிக்கும் என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குப் பிடித்ததெல்லாம் புதுப் பாட்டு. புதுசு என்றால் நேற்று வந்தது, முந்தாநாள் வந்தது. ஆரம்பிக்கும்போதே நெஞ்சில் தட்டுகிற மாதிரி அடி இருக்க வேண்டும். காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒட்டிக்கொண்ட ருசி அது. ஐஸில் கிடந்த இறாலைத் தலை கிள்ளி ஓடு உரித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல் இருப்பதே தெரியாது. ஷெட்டில் வேலை செய்கிற இளவட்டப் பெண்கள் போனில் குத்துப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். அந்த அடிக்குக் கை தானாக ஓடும். ஒருநாள் யாரோ மறதியாக ஒரு பழைய பாட்டைப் போட, பாதி ஷெட் கொட்டாவி விட்டது. பாட்டு என்றால் ஆளை எழுப்ப வேண்டும், படுக்கப் போடக் கூடாது என்பது அடைக்கலமேரியின் கட்சி.

அந்தக் கட்சியில் இன்னொரு ஆளும் உண்டு. அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்த டெபோரா. அதே ஷெட், அதே மேஜை, எதிரும் புதிருமாக நிற்பார்கள். டெபோராவின் புருஷன் செத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் ஜெரி, மகள் ஷாலு இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். சாயந்தரம் வில்சன் வந்து டிவியைப் போடுவதற்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில் இரண்டு பெண்களும் கோயில் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. பாட்டு கேட்பார்கள். பாட்டு அலுத்தால் தமிழ் பேசுகிற கொரியாக்காரர்களின் சீரியல் பார்ப்பார்கள். அந்தப் பையன்கள் பெண்களை விடவும் வெளுப்பாக இருக்கிறார்களே என்று டெபோரா வியப்பாள். வெளுப்பாக இருந்தால் என்ன, அவனவன் சமைத்துப் போடுகிறானே, அதைப் பார் என்பாள் அடைக்கலமேரி.

கோயில் படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள் கையில் பழக்கதோஷத்தில் ஜெபமாலை இருந்தது. காதில் இயர்போன். வாய் முணுமுணுக்கிறது. தலை மெல்ல ஆடுகிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? போனில் ஜெபமாலை ஓடுகிறது, இரண்டு தாய்மார்களும் கூடவே செபிக்கிறார்கள் என்று ராயபுரமே நினைத்தது. ராயபுரம் நினைக்காவிட்டால்தான் ஆச்சரியம். தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் தலைவி அம்மாள் எழுந்து நின்று இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். அடுத்த ஞாயிறு ஃபாதர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை, ஆனால் கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டெபோரா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அதைக் கண்ணீர் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் எங்கே போய் உண்மையைச் சொல்வது? வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கும்போது மனசுக்குள் ஓடுகிற பாட்டுக்கு அடைக்கலமேரியின் கால் ஆடும். வில்சன் அதைக் கவனித்து நரம்புத் தளர்ச்சி என்று பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளும் விழுங்கினாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். முதல் நாளே, டேய் வில்சா, எனக்கு இது வேண்டாண்டா என்று சொல்லித் தொலைத்திருந்தால் இத்தனை இல்லை. ஆனால் அப்பன் செத்த துக்கத்தில் இருக்கிறவனிடம் உங்கள் அப்பா பாட்டு எனக்குப் பிடிக்காது என்று எந்தத் தாய் சொல்வாள்?

டெபோரா போன மாதம் செத்துப்போனாள். ஷெட்டுக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடைக்கலமேரி ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டபோது உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

மறுநாள் மத்தியானம் வழக்கப்படி அருள்பிரகாசம் வந்தார், வழக்கப்படி கேட்டார். ஜெரி ஷாலுவைப் பார்த்தான். ஷாலு ஜெரியைப் பார்த்தாள். பெண்கள் செத்தால் பெரும்பாலும் கோயில் பாட்டோடு முடித்துவிடுவார்கள், அதனால் யாரும் இதை யோசித்து வைத்திருப்பதில்லை. அம்மா ஜெபமாலை தவிர வேறெதுவும் கேட்டதில்லை என்றாள் ஷாலு. ஜெரிக்கு அப்பாவை அனுப்பிய மாதிரியே அம்மாவையும் பேண்டு அடித்து அனுப்ப வேண்டும் என்று ஆசை. கொஞ்சம் யோசித்துவிட்டு, நைனாவுக்கு வாசித்த பாட்டையே வாசிச்சிடுங்க, அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டான்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அடைக்கலமேரி அதைக் கேட்டாள். ஜெரியின் அப்பன் குடிகாரன். அவன் தெருமுனையில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு திரும்பினால், டெபோரா பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு அடைக்கலமேரி வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். பாட்டு நல்ல பாட்டுதான், ஊரே கொண்டாடுகிற பாட்டு. டெபோராவுக்கு அது அடி விழப்போகிற சத்தம். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் வந்து தூக்கக் கலக்கத்தில் போனவர்கள், அவர்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. டெபோராவும் அப்பனைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னவளில்லை. இப்போது அந்தப் பாட்டை ஊதித்தான் அவளைப் புதைக்கப் போகிறார்கள். இது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

பூசை முழுக்க அடைக்கலமேரிக்கு நிலைகொள்ளவில்லை. சொல்ல வேண்டும். சொன்னால் வேறு என்ன பாட்டு என்று கேட்பார்கள். அதையும் சொல்ல வேண்டும். சொன்னால் படிக்கட்டு, இயர்போன், ஜெபமாலை எல்லாம் வெளியே வரும். செத்தவளின் மானமும் சேர்ந்து போகும், இருக்கிறவளின் மானம் கேட்கவே வேண்டாம். இதற்கு நடுவில் ஃபாதர் பிரசங்கத்தில் ஜெபமாலையைக் கைவிடாத நம் சகோதரி டெபோரா என்று ஆரம்பித்தார். அன்பியத் தலைவி அடைக்கலமேரியின் கையைப் பிடித்து அழுத்தினாள். அடைக்கலமேரிக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பெட்டி கோயில் வாசலைத் தாண்டியது. ஒரு பக்கம் ஜெரி, ஒரு பக்கம் வில்சன் தோள் கொடுத்திருந்தார்கள். அருள்பிரகாசம் கையைக் காட்ட, ட்ரம்பெட்காரர் ஜெரியின் அப்பன் பாட்டை எடுத்தார். முதல் வரி முடியவில்லை, அடைக்கலமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ட்ரம்பெட்டின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். இப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. சத்தம் அடைத்து நின்றது.

"இத்த வாசிக்காதப்பா" என்றாள். "இந்தப் பாட்டு கேட்டா அவளுக்கு ஒடம்பு நடுங்கும்."

ஜெரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா ஆன்ட்டி பேசற? எங்க நைனா பாட்டு அது."

"ஒங்க நைனா பாட்டுதான் கண்ணு. குடிச்சிட்டு வரசொல்ல பாடிகினு வரும். இத்த கேட்டா ஒங்கம்மா ஒன்னியும் ஷாலுவையும் தூக்கினு எங்க வூட்டுக்கு ஓடியாந்துரும். நீங்க தூங்கிகினு இருப்பீங்க, ஒங்களுக்குத் தெரியாது."

ஜெரி பெட்டியை விடாமல் அப்படியே நின்றான். ஷாலுதான் கேட்டாள், அப்படியானால் அம்மாவுக்கு என்னதான் பிடிக்கும் என்று. கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற தாய்க்கு என்ன பிடிக்கும் என்று மூன்று வீடு தள்ளி இருக்கிற பொம்பளையிடம் கேட்க வேண்டியிருக்கிறதே!

அடைக்கலமேரி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். தேடவேண்டிய அவசியமே இல்லை, முந்தாநாள் கேட்டு நிறுத்திய இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. இயர்போன் இல்லாமல் அழுத்தினாள். ஒரு விசில், ஒரு பெண் குரல், அப்புறம் அடி. போன வருடத்துப் பாட்டு. படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. கோயில் வாசலில், பெட்டிக்குப் பக்கத்தில், அன்பியத் தலைவிக்கு முன்னால், அது போட்டுத் தாக்கியது.

"நாங்க அந்தப் படியில குந்திகினு இத்தத்தான் கேட்டுகினு இருந்தோம்" என்றாள் அடைக்கலமேரி. "ஜெபமாலை இல்ல. ஒரு நாள்கூட இல்ல. டெபோராவுக்கு இந்தப் பாட்டுன்னா உசுரு."

தலைவி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோயில் படியில் நின்றிருந்த ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர் போல உள்ளே திரும்பிவிட்டார். நல்ல மனுஷன், இல்லையென்று சொல்லக் கூடாது. ஷாலு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மீன் கழுவும்போது இதைத்தான் முணுமுணுப்பாள், நான் மாதா பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டு அழுகையோடு சிரித்தாள். ஜெரி அவளைப் பார்த்தான். அப்புறம் அருள்பிரகாசத்தைப் பார்த்துத் தலையசைத்தான். அவருக்கு அது போதும். கிளாரினெட்காரர் போனருகே காதை வைத்து இரண்டு வரி கேட்டார். ட்ரம் அடிக்கிறவர் கேட்கவே இல்லை, அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

பெட்டி கல்லறைப் பக்கம் திரும்பியது. ஷெட்டுப் பெண்கள் முதலில் தயங்கி, பிறகு கைதட்டினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே ஆடினாள். தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சின்ன வயசுப் பையன் யாரோ போய்விட்டான் போல என்று எழுந்து பார்த்தார்கள். வந்த பெட்டிக்கு முன்னால் அறுபது வயதுப் பெண்ணின் படம் இருந்தது.

பாதி வழியில் வில்சன் பெட்டியை இன்னொருவன் தோளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நடந்தான். கிரேன் ஓட்டுகிறவன், எந்தக் கன்டெய்னர் பெட்டியை எங்கே வைத்தோம் என்று கணக்குப் பார்த்துப் பழகியவன். எல்லாச் சாயந்தரத்தையும் அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறான் என்று அடைக்கலமேரிக்குப் புரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, டிவி, ஏற்றி வைத்த சத்தம், சத்து மாத்திரை. அவன் கேட்கப் போவதை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பாவையும் உனக்குப் பிடிக்காதா என்று கேட்டுவிடுவானோ என்று பயம். கேட்டால் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும், மெய்யாலுமே பிடிக்கும், பாட்டுதான் பிடிக்காது என்று சொல்ல வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டே நடந்தாள்.

அவன் அதைக் கேட்கவில்லை.

"ம்மா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒனக்கு இன்னா பாட்டு புடிக்கும்?"

அவளுக்கு நடை நின்றுவிட்டது. பெற்றவர்கள் கேட்டதில்லை, கட்டியவர் கேட்டதில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பக்கி ஒண்ணு கீது" என்றாள். "போன வாரம்தான் வந்துச்சி. ஆனா அத்தயே நெனச்சிகினு ஒக்காந்துறாத. ஒங்கப்பா பாட்டு மாரி எம்பாட்டு ஒரே எடத்துல நிக்காது, மாறிகினே இருக்கும். நா உசுரோட கீறப்பவே அப்பப்ப கேட்டுக்கோ."